மரபியலின் உயிர்ப்பாகுபாடும் பரிணாமக் கிளைவழி வகைப்பாடும்: ஒப்பீட்டு வாதங்கள் மீது ஒரு மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

தொல்காப்பிய மரபியல் கூறும் அறுவகை உயிர்ப்பாகுபாடு இன்றைய பரிணாமக் கோட்பாட்டை முன்னரே உரைத்துவிட்டது என்னும் கருத்து தமிழாய்வுச் சூழலில் பரவலாக வழங்குகிறது. உயிரியலாளர் உயிர்களை வகைப்படுத்தும் நெறியையும் மரபியல் பின்பற்றும் நெறியையும் தனித்தனியே விளக்கி, அக்கருத்தின் வலுவை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அறுவகைப் பாகுபாடு உறவுமுறைப் பாகுபாடு அன்று என்பதும், இயற்கை நோக்கின் நுட்பம் அதே இயலின் புல், மரம் பாகுபாட்டில் மிகுதியாக வெளிப்படுகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொல்காப்பியம், மரபியல், உயிர்ப்பாகுபாடு, பரிணாமம், கிளை, புறக்காழ்.

முன்னுரை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். தொடுவுணர்வு மட்டும் உடையவை ஓரறிவுயிர் என்றும், அதனோடு சுவை, நாற்றம், காட்சி, கேள்வி ஆகியன ஒவ்வொன்றாகக் கூட ஐந்தறிவு வரை உயரும் என்றும், மனம் சேர்ந்தவிடத்து ஆறறிவாகும் என்றும் அவ்வியல் உயிர்களை அடுக்குகிறது. ஒவ்வோர் அடுக்கிற்கும் எடுத்துக்காட்டும் தருகிறது. புல்லும் மரமும் முதலடுக்கு. நத்தை முதலியன இரண்டாமடுக்கு. சிதலும் எறும்பும் மூன்றாமடுக்கு. நண்டும் தும்பியும் நான்காமடுக்கு. விலங்குகள் ஐந்தாமடுக்கு. மக்கள் ஆறாமடுக்கு.

எளியதில் தொடங்கி மனிதரில் முடியும் இவ்வரிசையைக் காண்போர், டார்வின் கூறியதைத் தொல்காப்பியர் முன்னரே கூறினார் என முடிவு செய்வது வழக்கமாகியுள்ளது. இக்கூற்று பெருமிதம் தருவது. எனினும் பெருமிதம் ஆய்வுமுடிபு ஆவதற்கு இரு வினாக்களுக்கு விடை வேண்டும். இன்றைய உயிரியல் வகைப்பாடு எதனைத் தேடுகிறது? மரபியல் எதனைத் தேடுகிறது? இரண்டும் ஒன்றையே தேடினாலன்றி முன்பின் என்ற பேச்சுக்கு இடமில்லை. தொல்காப்பியத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கு வைக்கப்படும் வாதம் எக்காலக் கணிப்பையும் சார்ந்ததன்று.

ஏணியும் மரமும்

சுவீடன் நாட்டு லின்னேயசு 1735இல் வெளியிட்ட நூலில் இயற்கைப் பொருள்களை அடுக்கடுக்காகப் பகுத்தார். தாவரங்களை அவர் பகுத்தது பெரும்பாலும் மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டே. அது பயன்பாட்டுக்கு எளிது. ஆயின் ஓரின உறவுடைய செடிகளைப் பிரித்தும், உறவற்றவற்றைச் சேர்த்தும் வைத்தது. திமிங்கிலங்களை முதலில் மீன்களோடு வைத்த அவர், 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் பாலூட்டிகளோடு சேர்த்தார். வாழிடமும் உருவமும் ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இம்மாற்றம் ஒரு தொடக்ககாலச் சான்று.

1859இல் வெளிவந்த டார்வினின் நூலில் ஒரேயொரு வரைபடம் உள்ளது. அது கிளைத்துச் செல்லும் கோடுகளால் ஆனது. உயிர்களின் இயற்கையான வகைப்பாடு என்பது அவற்றின் வழிமுறை வரலாறே என்பது அவர் கொள்கை. ஒத்த உறுப்புகள் அமைந்தமைக்குக் காரணம் பொது மூதாதை. இக்கொள்கையைச் செயல்முறையாக்கியவர் செருமானியப் பூச்சியியலாளர் வில்லி என்னிக். 1950இல் செருமானிய மொழியிலும் 1966இல் ஆங்கிலத்திலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன. ஒரு மூதாதையையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தையும் கொண்ட குழுவே உண்மையான வகை என அவர் வரையறுத்தார். மேலும், எல்லா ஒற்றுமைகளும் சான்றாகா. குறிப்பிட்ட கிளையில் புதிதாகத் தோன்றி அக்கிளையினரால் பகிரப்படும் பண்பே உறவைக் காட்டும். பழைய மூதாதையிடமிருந்து பலருக்கும் வந்த பண்பு நெருங்கிய உறவைக் காட்டாது.

பின்னர் மூலக்கூற்றுச் சான்றுகள் வந்தன. 1977இல் கார்ல் ஊசும் சார்ச் பாக்சும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, பாக்டீரியாக்கள் எனக் கருதப்பட்டவற்றுள் முற்றிலும் வேறான ஒரு பெருங்கிளை இருப்பதைக் காட்டினர். காளான்கள் தாவரங்களைவிட விலங்குகளுக்கு நெருங்கியவை என்பதும், முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருங்கிய உறவு என்பதும் இன்று ஏற்கப்பட்டவை. இவ்வகைப்பாட்டில் மேல் கீழ் என்பதில்லை. இன்று வாழும் புல்லும் எறும்பும் மனிதரும் ஒரே மரத்தின் நுனிகள். ஒன்று மற்றொன்றின் முற்படி ஆகாது.

அறுவகைப் பாகுபாட்டின் மீது ஒரு சோதனை

இந்நெறியைக் கொண்டு மரபியலின் எடுத்துக்காட்டுகளை நோக்கலாம். மூன்றறிவுக்குச் சிதலும் எறும்பும் இணைத்துக் கூறப்பட்டுள்ளன. இரண்டும் புற்றிலும் நிலத்தடியிலும் கூட்டமாக வாழ்பவை, உருவிற் சிறியவை. பேச்சு வழக்கில் சிதலை வெள்ளெறும்பு என்பதும் உண்டு. ஆயின் சிதல் கரப்பான்பூச்சிகளின் கிளையுள் தோன்றியது. எறும்போ குளவி, தேனீ ஆகியவற்றின் கிளையைச் சேர்ந்தது. கூட்டுவாழ்க்கை இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றிய பண்பாகும். தும்பி என்பது பழைய இலக்கிய வழக்கில் வண்டினத்தைக் குறிக்கும். அதனைத் தேனீ வகையாகக் கொள்ளினும் வண்டு வகையாகக் கொள்ளினும், எறும்பு சிதலைவிடத் தும்பிக்கே நெருங்கியது. அத்தும்பியோ நான்காமடுக்கில் நண்டோடு நிற்கிறது. உறவால் நெருங்கியவை வேறடுக்கிலும் விலகியவை ஓரடுக்கிலும் அமைந்துள்ளன.

பொறிகளின் வரிசையைக் கால வரிசையாகக் கொள்வதும் பொருந்தாது. ஒளியை உணர்தலும் வேதிப்பொருளை உணர்தலும் ஒருசெல் உயிர்களிலேயே உண்டு. நத்தைக்குக் கண் உண்டு. மணமறியும் திறனும் உண்டு. எறும்புகளுள் மிகப் பலவற்றுக்குக் கூட்டுக்கண் உண்டு. இவ்வேறுபாடுகளைச் சுட்டுவது மரபியலைக் குறைகூறுவதற்கன்று. கண்ணால் கண்டு தொகுத்த எந்தப் பழைய நூலிலும் இவை இருக்கும். பரிணாமத்தை முன்னுரைத்தது என்னும் வாதத்தை மூலநூலின் எடுத்துக்காட்டுகளே தாங்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

எளிமையிலிருந்து சிக்கலை நோக்கிச் செல்லும் வரிசை இருப்பதே போதும் எனச் சிலர் வாதிடலாம். அவ்வாறாயின் தாவரம், விலங்கு, மனிதர் என உயிரின் ஆற்றல்களை அடுக்கிய அரிசுடாட்டிலையும் பரிணாமவாதி எனல் வேண்டும். அவரை அவ்வாறு கொள்வாரில்லை. பரிணாமக் கோட்பாட்டின் உயிர்நாடி ஓரினம் காலப்போக்கில் மாறி வேறினமாதல். மரபியலின் உயிர்ப்பாகுபாட்டு நூற்பாக்களில் இத்தகைய மாற்றம் எங்கும் கூறப்படவில்லை. புல்லில் தொடங்கிப் பல பிறவிகளை அடுக்கும் திருவாசகச் சிவபுராணப் பகுதியைச் சான்றாகக் காட்டுவதற்கும் இம்மறுப்பு பொருந்தும். அங்குக் கூறப்படுவது ஓருயிர் பல உடல்களில் புகுந்து இளைத்த வரலாறு. அவ்வரிசையில் பாம்புக்குப் பின் கல்லும், மனிதருக்குப் பின் பேயும் கணங்களும் வருகின்றன.

மரபியல் எழுப்பும் வினா

அவ்வாறாயின் அறுவகைப் பாகுபாடு எதற்காக அமைந்தது? இயலின் பெயரும் சூழலும் விடை தருகின்றன. இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றைத் தொகுத்து, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என வரையறுப்பது இவ்வியலின் முதற்பணி. அப்பெயர்களைப் பெறும் உயிர்களை ஒருங்கே காட்டும் சட்டகமாக அறிவுவழிப் பாகுபாடு நிற்கிறது. சொல்லதிகாரம் மக்களை உயர்திணை என்றும் அல்லாதவற்றை அஃறிணை என்றும் பிரிப்பதோடு ஆறாமறிவின் எல்லை ஒத்துப் போவதும் நோக்கத்தக்கது. ஐந்தறிவு பற்றிய நூற்பாவில் விலங்குகளோடு மாக்களையும் சேர்க்கும் பாடம் உண்டு. மன அறிவு வாய்க்காத மனிதரை அது குறிக்குமாயின், அங்கு அளவுகோல் பகுத்தறியும் திறனே, பிறப்புவழி அன்று.

மேலும், இப்பகுப்பைத் தம் கண்டுபிடிப்பு எனத் தொல்காப்பியர் கூறவில்லை. நன்குணர்ந்த முன்னோர் வகுத்த நெறி என்றே அவர் சுட்டுகிறார். அம்முன்னோர் யாவர் என்ற வினா சமணத் தத்துவத்தை நோக்கிச் செலுத்துகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொரு பொறி கூடும் முறையில் உயிர்களை அடுக்குகிறது. எறும்பு மூன்றிலும் வண்டு நான்கிலும் அமைவது இரு நூல்களுக்கும் பொது. தொல்காப்பியரைச் சமணர் எனக் கொண்ட வையாபுரிப்பிள்ளை இவ்வொற்றுமையையும் சான்றாக்கினார். வேறுபாடும் உண்டு. சமணம் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களையும் ஓரறிவில் வைக்கும். தொல்காப்பியம் பெயர் சுட்டுவது புல்லையும் மரத்தையுமே. மனத்தைத் தனி அறிவாக எண்ணி ஆறாக்குவதும் அதன் தனித்தன்மை. உண்மையான ஒப்பாய்வுக்குரிய களம் இதுவே. டார்வினோடு ஒப்பிடும் ஆர்வம் இக்களத்தை மறைத்துவிடுகிறது.

பார்ப்பு: ஒற்றுமையின் வழுக்கல்

மரபியலில் இன்னும் கவர்ச்சியான ஓர் இடம் உண்டு. பார்ப்பு, பிள்ளை என்னும் இளமைப்பெயர்கள் பறப்பவற்றுக்கு உரியவை. தவழ்பவற்றுக்கும் அவ்வாறே உரியவை. ஐங்குறுநூற்றில் ஆமையின் இளமை பார்ப்பு எனப்படுகிறது. பறவைகள் ஊர்வனவற்றின் கிளையுள் அடங்கும் என்னும் இன்றைய முடிபைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார் என இதனைக் கொண்டு வாதிட யாரும் முற்படலாம். முடிபு ஒத்திருப்பதால் வாதம் சரியாகிவிடாது. இரண்டுக்கும் பொதுவாகக் கண்ணுக்குப் புலப்படுவது முட்டையிலிருந்து வெளிவருதல். என்னிக்கின் நெறிப்படி முட்டையிடுதல் மிகப் பழைய பண்பு. நெருங்கிய உறவைக் காட்டாதது. பெயர்ப் பொதுமை வேறு. மூதாதைப் பொதுமை வேறு. முடிபை முன்வைத்துச் சான்று தேடுவோருக்கு எந்நூலும் எதனையும் சொல்லும்.

புறக்காழும் அகக்காழும்

அறுவகைப் பாகுபாடு பெற்ற புகழில் சிறுபங்கும் பெறாத மற்றொரு பகுதி இவ்வியலின் பிற்பகுதியில் உள்ளது. வெளிப்புறத்தே வயிரமுடையவை புல்; உட்புறத்தே வயிரமுடையவை மரம் என்பது அதன் வரையறை. புல்லின் உறுப்புகளாக மடல், ஓலை, ஈர்க்கு, பாளை, குலை முதலியன எண்ணப்படுவதால் பனையும் தெங்கும் புல்லினுள் அடங்குதல் தெளிவு. வானளாவ நிற்கும் பனையை உயரம் கருதி மரத்தோடு சேர்க்காமல், தண்டின் உள்ளமைப்புக் கருதிப் புல்லோடு சேர்த்தது இப்பகுப்பு.

தாவரவியல் இதற்குக் காரணம் கூறும். பனை, தெங்கு, மூங்கில், புல் யாவும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் தண்டில் கட்டைத் திசுவை ஆண்டுதோறும் உள்நோக்கி உருவாக்கும் வளர்படலம் இல்லை. பனைத் தண்டில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் விளிம்பில் நெருங்கி வலிமை பெறுகின்றன; நடுப்பகுதி மென்மையாகிறது. வேம்பு, தேக்கு முதலியவற்றில் பழைய கட்டை நடுவில் இறுகி வயிரமாகிறது. ஒருவித்திலைத் தாவரங்கள் ஒரே மூதாதையின் வழிவந்த உண்மையான கிளை என்பதை மூலக்கூற்றாய்வும் உறுதிசெய்துள்ளது. அறிவடுக்கு காட்டாத உறவைக் காழ்ப்பகுப்பு தொட்டிருக்கிறது. பூக்கும் தாவரங்களின் கிளைவழி ஆய்வுக்குழு 1998இல் வெளியிட்ட வகைப்பாட்டில், இருவித்திலைத் தாவரங்கள் என்னும் பழந்தொகுதி ஒரே கிளையாக நிலைக்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

இங்கும் எல்லை உணர்ந்தே பேசுதல் வேண்டும். வாழைக்குப் புறத்தும் காழில்லை, அகத்தும் காழில்லை. ஆயினும் அது ஒருவித்திலைத் தாவரம். தும்பை போன்ற சிறுசெடிகள் இருவரையறையிலும் அடங்கா. காழ்ப்பகுப்பு உறவைத் தேடியதன்று. வெட்டியும் பிளந்தும் பயன்கொண்ட மக்களின் நெருங்கிய நோக்கில் பிறந்தது. அந்நோக்கு கூர்மையானது என்பதற்கு, தேடாமலே ஓர் இயற்கைக் கிளையின் அருகே அது சென்றமை சான்று. இவ்வளவு சொல்வது மெய். இதற்கு மேல் சொல்வது மிகை.

கலைச்சொல்லில் ஒளிந்த ஏணி

முன்னோடி வாதம் நிலைபெறுவதற்குக் கலைச்சொற்களும் துணைபுரிகின்றன. தமிழகத்தில் பரிணாமம், படிமலர்ச்சி என்றும் இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்றும் ஒரு கருத்துக்கே வேறுவேறு சொற்கள் வழங்குகின்றன. படிமலர்ச்சி என்னும் சொல்லிலேயே படி இருக்கிறது. மாணவர் அச்சொல்லைக் கேட்டவுடன் கீழ்ப்படி, மேற்படி என எண்ணுவது இயல்பு. அவர் மரபியலின் அடுக்கைக் காணும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இலங்கை வழக்கில் பேரினத்தைச் சாதி என்றும் வரிசையை வருணம் என்றும் வழங்குவதும் சமூக அடுக்கின் சாயலை உயிரியலுக்குள் கொணர்கிறது.

மாற்றாக, மரபியலே ஒரு நல்ல சொல்லைத் தருகிறது. ஒவ்வோரறிவுக்கும் எடுத்துக்காட்டுக் கூறியபின், அவ்வகையிற் பிறவும் உண்டு என்பதைக் குறிக்க அது ஆளும் சொல் கிளை. அங்கு அதன் பொருள் இனம். தமிழில் அச்சொல் மரத்தின் பிரிவையும் குறிக்கும், சுற்றத்தையும் குறிக்கும். ஒரு மூதாதையும் அதன் வழியினர் அனைவரும் சேர்ந்த குழுவைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் அரிது. தொல்காப்பியர் இக்கருத்தை அறிந்திருந்தார் என்பதற்கு இது சான்றன்று. அவர் பாதுகாத்த சொல் இன்றைய கருத்துக்குப் பொருந்துகிறது என்பதே இதன் பொருள்.

முடிவுரை

மரபியலின் அறுவகைப் பாகுபாடு அறிவின் அடிப்படையில் அமைந்த அடுக்கு. பரிணாம வகைப்பாடு வழிமுறையின் அடிப்படையில் அமைந்த மரம். இரண்டின் வினாக்களும் வேறு. ஆகவே முன்னதைப் பின்னதன் முன்னோடி எனல் பொருந்தாது. இம்மறுப்பால் தொல்காப்பியம் இழப்பது ஏதுமில்லை. இந்தியத் தத்துவ மரபுகளோடு அது கொண்ட தொடர்பு, பெயர்வழக்கை உயிர்வகையோடு இணைத்த இலக்கண நோக்கு, தண்டின் காழை அளவுகோலாக்கிய இயற்கை நோக்கு ஆகியன தம்மளவிலேயே ஆய்வுக்குரியன. தாவரவியலாரும் தமிழாய்வாளரும் இணைந்து மரபியலின் உறுப்புப்பெயர்களையும் இளமைப்பெயர்களையும் கள வழக்கோடு ஒப்பிட்டு ஆராய்வராயின் பயன் மிகும். பழைய நூலை இன்றைய அறிவியலின் முன்னுரையாக மட்டும் படிக்குமிடத்து, அந்நூல் தானாகக் கூறவந்தது கேளாமற் போகும்.