மூதில் மகளும் ஒருமகனும்

புறநானூற்றின் 279ஆம் பாடல் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் இயற்றியது. திணை வாகை; துறை மூதின்முல்லை. மறக்குடியில் ஆடவர்க்கேயன்றி மகளிர்க்கும் மறம் உண்டெனக் காட்டுவது இத்துறை. ஆதலின் இப்பாட்டை வீரத்தாயின் புகழ்ப்பாட்டாகவே வகுப்புகளில் கற்பித்து வருகிறோம். அவ்வுரை பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. போருக்குச் செல்லும் இளைஞனை அது மறந்துவிடுகின்றது.

பாட்டின் பொருளை முதற்கண் நோக்குவோம். முன்னொரு நாட்போரில் இவள் தன்னை யானையை எறிந்து களத்தில் மடிந்தான். தன்னை என்பதற்குத் தமையன் என்பர், தந்தை என்பாரும் உளர். நேற்றைய போரில் கணவன் பெருநிரையை விலக்கி மாய்ந்தான். இன்றும் போர்ப்பறை கேட்டது. மகன் ஒருவனையன்றி வேறிலாத அவள், அவனைக் களம் நோக்கி விடுக்கின்றாள்.

ஈண்டுக் காலம் சுருங்கி வருதல் காண்க. மேனாள், நெருநல், இன்று என இடைவெளி குறையக் குறைய, வீடும் வெறுமையாகின்றது. மகனின் இறப்பைப் புலவர் கூறவில்லை. முன்னிருவரும் மீளாமையைக் கூறியபின், மூன்றாமவனைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

வினைச்சொற்களின் அமைப்பு இதனினும் கருதத்தக்கது. மூத்தோர் இருவரும் தம் வினைக்குத் தாமே எழுவாய். ஒருவன் எறிந்தான், மற்றவன் விலக்கினான். மகனுக்கோ தனக்கென ஒரு வினையும் இல்லை. வேலைக் கையிற் கொடுப்பவள் தாய். வெள்ளாடை உடுத்துபவள் தாய். பரட்டைக் குடுமியில் எண்ணெய் நீவுபவளும் தாயே. அவனுக்கு வாய்த்தது ‘செல்க’ என்னும் ஏவல் ஒன்றே. அவன் உள்ளம் விழைந்ததோ அஞ்சியதோ, பாட்டில் குறிப்பில்லை.

எண்ணெய் நீவுதல் போர்க்கோலம் மட்டுமன்று. நாள்தோறும் தாய் செய்யும் பணியும் ஆகும். வேலேந்திய கையும் எண்ணெய் தடவிய கையும் ஒன்றே என்பதிலேதான் இப்பாட்டின் துயரம் உள்ளது. அவள் செயலைக் குறிக்கும் ‘மயங்கி’ என்னும் சொல்லைப் போர்வேட்கை மிகுதியால் வந்த மயக்கம் எனக் கொள்ளலாம். எனினும் இரண்டு இறப்பின்பின் வந்த இம்மயக்கத்தில் கலக்கமும் விரவியிருத்தல் இயல்பே. பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்துள்ளமையின், இவ்விடத்து நாமே சொல்லை நோக்கிப் பொருள் காண வேண்டியவர்களாகின்றோம். பாட்டைக் கூறுவோனும் அவள் துணிவின் கடுமை கண்டு முதலில் திடுக்கிடுகின்றான். பின்னரே மூதில் மகளாதல் இவளுக்குத் தகும் என்கின்றான். புகழ்ச்சிக்கு முன் அச்சம் நிற்கின்றது.

2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பானைக் குறிக்கின்றது. ஆநிரைக்காக உயிர் விட்ட ஊர் மறவனின் பெயரையும் பூசலின் இடத்தையும் கல் நமக்குக் காத்துத் தந்தது. பாட்டு ஒருமகனின் பெயரைத் தரவில்லை. அவன் குடுமியின் வறட்சியைத் தந்தது. கல்லால் அறிவது அவன் இறப்பு. பாட்டால் அறிவது அவன் ஒருத்தியின் மகன் என்பது.

ஆதலின் இப்பாட்டைக் கற்பிக்கும்போது தாயின் துணிவை வியப்பதோடு அமையாது, விடுக்கப்பட்டவனையும் மாணாக்கர் காணச் செய்தல் நம் கடன் என்க.