திரையில் சுழலும் பற்சக்கரங்கள்

கிரேக்க நாட்டின் ஆண்டிகித்தெரா தீவருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 1901-ஆம் ஆண்டில் வெளிக்கொணரப்பட்ட பொருள்களுள், களிம்பேறிய ஒரு வெண்கலக் கட்டியும் இருந்தது. அது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கணக்கிடும் பொறி. கைப்பிடியைச் சுழற்றினால் சூரியன், சந்திரன் ஆகியவற்றின் நிலையையும் கிரகணம் நேரக்கூடிய மாதத்தையும் முள்கள் காட்டும். இன்று எஞ்சியிருப்பவை 82 துண்டுகளும் அவற்றிலுள்ள 30 பற்சக்கரங்களுமே.

கோள்களைக் காட்டிய முன்புறச் சக்கரத் தொகுதி ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது. அதனை 2021-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக் குழுவினர் கணிப்பொறியில் மீண்டும் உருவாக்கினர். அந்த வண்ணப் படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். அவற்றை எந்த அளவிற்கு நம்பலாம்?

முதலில் சிறப்பைச் சொல்லிவிடுவோம். 2005-இல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களால், பொறியில் பொறித்திருந்த எழுத்துகளிலிருந்து இரண்டு எண்களைப் படிக்க முடிந்தது: வெள்ளிக்கு 462, சனிக்கு 442. வெள்ளி, விடிவெள்ளியாகவும் அந்தி வெள்ளியாகவும் மாறிவரும் தன் சுழற்சியை 462 ஆண்டுகளில் 289 முறை முடிக்கிறது. இவ்வெண்களைக் காரணிப்படுத்திப் பாருங்கள். 462 என்பது 2×3×7×11; 289 என்பது 17×17. எல்லாம் சிறிய பகா எண்கள். ஆகவே சிறு சக்கரங்களைக் கொண்டே இவ்விகிதத்தைப் பெறலாம். சில சக்கரங்களை மற்றக் கோள்களுக்கும் பொதுவாக்கலாம். இவ்வாறு எல்லாவற்றையும் 25 மில்லிமீட்டர் ஆழத்திற்குள் அடக்கிக் காட்டியது சிறந்த அறிவுழைப்பு.

ஆனால் புதன், செவ்வாய், வியாழன் ஆகியவற்றின் எண்கள் கிடைக்கவில்லை. அவற்றைக் குழுவினர் ஊகித்தனர். அதைத் தம் கட்டுரையில் ஒளிக்கவுமில்லை. கட்டுரையை விட்டுப் படம் மட்டும் தனியே பரவும்போதுதான் தொல்லை. கடலிலிருந்து வந்த சக்கரமும் கருத்திலிருந்து வந்த சக்கரமும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே உண்மையாகி விடுகின்றன.

இரண்டாவது குறை இயற்பியலைச் சார்ந்தது. 'உராய்வைப் புறக்கணிக்கவும்' என்று உங்கள் பாடநூற் கணக்குகளில் வருமல்லவா? திரையில் சுழலும் சக்கரங்களும் அப்படிப்பட்டவையே. வெண்கலமோ உராயும். அதில் கையால் அறுத்த முக்கோணப் பற்களின் இடைவெளி ஒன்றுபோல் இராது. 2025-இல் அர்ஜென்டீனாவின் மார் டெல் பிளாட்டா ஆய்வாளர் இருவர், துண்டுகளில் அளந்தறியப்பட்ட பிழைகளையும் சேர்த்துக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தனர். பற்கள் சிக்கிக்கொள்ளவோ விலகிவிடவோ கூடும் எனக் கண்டனர். பொறி ஓடவே இல்லையா, அல்லது 2,000 ஆண்டு அரிப்பு பற்களைச் சிதைத்து, நாம் அளக்கும் பிழையைப் பெரிதாக்கிவிட்டதா? இரண்டிற்கும் இடமுண்டு என்கின்றனர்.

ஆகவே, அந்த எண்கள் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் என்பதையே லண்டன் மாதிரி மெய்ப்பிக்கிறது. அது கையால் சுழன்றது என்பதை மெய்ப்பிக்க, அக்காலக் கருவிகளைக் கொண்டு வெண்கலத்தில் செய்து பார்க்க வேண்டும். ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய மெல்லிய குழாய்களைச் செய்வது கடினம் என்று லண்டன் குழுவினரே கூறியுள்ளனர். அடுத்த முறை இத்தகைய படத்தைக் காணும்போது, 'இதில் கிடைத்தது எது, சேர்த்தது எது?' என்று கேளுங்கள்.