‘கைவ்’: பழைய ஐரிஷ் அழகுச் சொல் ஒன்றின் பொருள் வரலாறு

முன்னுரை

அழகைக் குறித்த ஒரு சொல் பிற்காலத்தில் மென்மையை மட்டும் குறிக்குமாயின், அச்சொல் தன் பழம்பொருளை இழந்துவிட்டது என்று முடிவு செய்வது எளிது. பழைய ஐரிஷ் மொழியின் ‘கைவ்’ என்னும் சொல்லுக்கு இத்தகைய வரலாறே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. இச்சொல் எழுத்தில் மகர ஈறு உடையது. ஒலிப்பில் அவ்வீறு மூக்கொலி சார்ந்த வகரமாகும். இன்றைய ஐரிஷில் இது ‘கீவ்’ என ஒலிக்கப்பட்டு, ‘மென்மையான, கனிவான, அன்புக்குரிய’ எனப் பொருள்படுகிறது. இங்கு நிகழ்ந்தது பொருளிழப்புத்தானா என்பது மறுஆய்வுக்குரியது.

அகராதியும் பொருட்பகுப்பும்

ராயல் ஐரிஷ் அகாதெமி 1913 முதல் 1976 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஐரிஷ் மொழி அகராதி, பழைய, இடைக்கால ஐரிஷ் ஆய்வுக்கு அடிப்படைக் கருவியாகும். அதில் ‘கைவ்’ என்பதற்கு அன்புக்குரியது, அருமையானது, அழகியது முதலான பொருள்கள் தரப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் விளக்கம் கூறும் அகராதிக்கு இப்பகுப்பு தவிர்க்க இயலாதது. எனினும், இப்பகுப்பு மூலமொழியினர் உள்ளத்திலும் இருந்தது என்று கொள்வதற்கில்லை. விளக்கும் மொழியின் எல்லைக்கோடுகள் விளக்கப்படும் சொல்லின் மீது படிந்துவிடுதல் இருமொழி அகராதிகளின் பொது இடர்.

எட்டீன் வருணனை தரும் சான்று

‘டா டெர்காவின் விடுதி அழிவு’ என்னும் உரைநடைக் காப்பியத்தின் தொடக்கப் பகுதி இதனைத் தெளிவுபடுத்தும். நீரூற்றின் கரையில் கூந்தலைக் கழுவ முற்பட்டிருக்கும் எட்டீனை மன்னன் எயொகித் காண்கிறான். கூந்தல், கைகள், கன்னங்கள் என உறுப்பு உறுப்பாக வருணனை விரிகிறது. அதன் இறுதியில் இரண்டு உறுப்புகள் கொண்ட பழமொழி ஒன்று வருகிறது. அதன் முதல் உறுப்பு ‘க்ருத்’, அதாவது வடிவம், என்னும் சொல்லால் பிறரை எட்டீனோடு ஒப்பிடுகிறது. இரண்டாம் உறுப்பு ‘கைவ்’ என்னும் சொல்லால் ஒப்பிடுகிறது.

இரண்டும் ஒருபொருளன எனின், இரண்டாம் உறுப்பு கூறியது கூறலாகும். ஐரிஷ் உரைநடையில் ஒருபொருட் பன்மொழி மிகுதி என்பதால் அக்கருத்தை முற்றிலும் ஒதுக்க இயலாது. ஆயினும், 1901இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்து மொழிபெயர்த்த விட்லி ஸ்டோக்ஸ், முதலாவதை வடிவச் சிறப்பாகவும் இரண்டாவதை அன்புக்குரிய தன்மையாகவும் வேறுபடுத்தியே பெயர்த்தார். வருணனையின் போக்கு அவர் முடிவுக்குத் துணை நிற்கிறது. கண்ணுக்குப் புலனாவதை உறுப்பு வருணனையும் ‘க்ருத்’தும் சொல்லி முடித்துவிட்டன. காண்பவர் உள்ளத்தில் அவள் பெறும் இடத்தையே ‘கைவ்’ சேர்க்கிறது. ‘கைவ்’, ‘க்ருத்’ ஆகிய இரண்டும் இணைந்து ‘அழகிய வடிவம்’ எனப் பொருள்படும் தொகைச்சொல் பழைய நூல்களில் வழங்குவதும் நோக்கத்தக்கது. அத்தொகையில் வடிவத்தைத் தருவது ‘க்ருத்’. மதிப்பைத் தருவது ‘கைவ்’.

இனச்சொற்களின் சான்று

கெல்டிக் மொழிகளுள் வெல்ஷில் இதன் இனச்சொல் ‘அன்புக்குரிய’ என்றும், பிரெட்டனில் ‘மென்மையான, சாந்தமான’ என்றும் பொருள்படும். இவற்றில் அழகு முதன்மைப் பொருளாக இல்லை. மேலும் பின்னோக்கிச் செல்வோர், ‘தங்குதல், குடியமர்தல்’ என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரோடு இதனைத் தொடர்புபடுத்துவர். ‘இல்லம்’ எனப் பொருள்படும் ஆங்கில ‘ஹோம்’, ‘நலம் தரும், இனிய’ எனப் பொருள்படும் வேதமொழிப் பெயரடையான ‘சிவ’ ஆகியனவும் அவ்வேரின்பாற் படுவனவாகக் கருதப்படுகின்றன. இவ்வகையில் நோக்கினால் உறவும் அணுக்கமுமே இச்சொல்லின் பழம்பொருள் எனவும், அழகு ஐரிஷ் மண்ணில் நிகழ்ந்த பொருள் விரிவு எனவும் கொள்ளலாம்.

எதிர்ச்சான்றுகள்

இம்முடிவுக்கு எதிரான சான்றுகளும் உள. கிளெண்டலாக் மடத்தை நிறுவிய துறவியின் பெயர் ‘கைவ்கென்’; இன்றைய ‘கெவின்’ என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது. அவரைப் பற்றிய இடைக்கால இலத்தீன் வரலாறு இப்பெயருக்கு ‘அழகுறப் பிறந்தவர்’ என்றே விளக்கம் தருகிறது. எனவே அழகுப் பொருள் கற்றோரிடையே உயிர்ப்புடன் இருந்தமை மறுக்கவியலாதது.

இரண்டாவது எதிர்ச்சான்று இன்னும் வலியது. ‘அழகிய, சிறந்த’ எனப் பொருள்பட்ட ‘கைன்’ என்னும் வேறொரு பழைய ஐரிஷ் சொல்லும் இன்று ‘கீன்’ என ஒலித்து, ‘மென்மையான, கனிவான’ என்னும் பொருளையே தருகிறது. அதற்கு இணையான வெல்ஷ் சொல்லோ அழகுப் பொருளை இன்றும் காத்து நிற்கிறது. ஆகவே ‘கைவ்’ மென்மையைக் குறிப்பதற்குப் பழம்பொருளின் தொடர்ச்சி மட்டுமே காரணம் என்று கூறல் பொருந்தாது. ஐரிஷ் மொழியின் பொருட்புலம் முழுவதிலும் ஒரு நகர்வு நிகழ்ந்துள்ளது. வடிவழகைக் கூறும் பணி பெரிதும் ‘ஆலின்’ என்னும் சொல்லிடம் குவிய, ‘கைவ்’, ‘கைன்’ ஆகிய இரண்டும் பண்பழகின் பக்கம் ஒதுங்கின எனலாம்.

முடிவுரை

எனவே ‘கைவ்’ அழகை இழந்த சொல் அன்று. அன்பும் அழகும் பிரியாது நின்ற ஒரு பொருளிலிருந்து வடிவழகு பிரிந்து வேறு சொல்லிடம் சென்றது, அணுக்கம் எஞ்சியது. இயற்கையையும் மரபுச் செல்வங்களையும் பேணிக் காத்தலைக் குறிக்க இன்றைய ஐரிஷில் வழங்கும் ‘கீவ்னூ’ என்னும் சொல்லும் இச்சொற்குடும்பத்தைச் சார்ந்ததே. அருமையானது காக்கப்படுகிறது என்னும் தொடர்பு அதில் புலனாகிறது. பழைய ஐரிஷ் நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் இச்சொல் வருமிடந்தோறும் ‘அழகு’ என எழுதின், காண்பவரை விடுத்துக் காணப்படுபவரை மட்டுமே காட்டியவராவர். ‘அருமை’ என்னும் சொல் சில இடங்களில் மூலத்திற்கு இன்னும் அணுக்கமாக அமையும்.