பொம்மர் / பொம்மை: ஒரு பாடபேதக் குறிப்பு

ஈழத்துப் பேச்சுவழக்கில் குண்டுபோடும் விமானத்துக்குப் ‘பொம்மர்’ என்று பெயர். ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் விழுந்து இப்படி ஆயிற்று. பிள்ளைகள் விளையாடுவது பொம்மை. கடைசியில்தான் கொஞ்சம் வித்தியாசம். இது வெறும் ஒலி ஒற்றுமை, இதை வைத்து வேர்ச்சொல் ஆராய்ச்சி பண்ணக்கூடாது என்று எம்.ஏ. வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். சரிதான், பண்ணப்போவதில்லை. ஆனால் ஒரு சண்டை விமானத்தைப் பொம்மையாக்கி, அந்தப் பொம்மையை இன்னொரு சண்டை விமானமாக மாற்றுகிற ஒரு கைவேலையைப் பற்றிப் பேசும்போது, இந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் நகர முடியவில்லை.

கைவேலை இதுதான். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி ஒட்டி விமான மாதிரி செய்வதற்குப் பெட்டிகள் விற்கிறார்கள். ‘கிட்’ என்பார்கள். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானின் ஹஸேகாவா, இத்தாலியின் இட்டாலெரி எனப் பல கம்பெனிகள். ஒரே ஜெட் விமானத்துக்குப் பல ‘வேரியன்ட்’கள் உண்டு, பெட்டிக்குள் இருப்பது அதில் ஒன்று. நமக்கு வேண்டியது அது இல்லையென்றால் இருப்பதை அறுத்து, குறைத்து, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து வேண்டியதாக மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பொழுதுபோக்கில் இதுவே உயர்ந்த வேலையாக மதிக்கப்படுகிறது.

மண்ணூரில் நான் குடியிருக்கிற வரிசை வீடுகளில் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரே பாயை இரண்டு ஷிப்டுக்காரர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த அறைத் தம்பி ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் பகுதியில் வேலை பார்க்கிறான். அவனிடம் மிராஜ் 3 விமானத்தின் கிட் ஒன்று இருந்தது. 1/72 அளவு. அதைக் கிபிர் சி.2 ஆக மாற்றிக்கொண்டிருந்தான். கிபிருக்குத் தனியாகவே கிட் உண்டே, ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். “அண்ணா, எங்க லைன்ல ஒரே பாடிதான் வரும். அதுமேல ஒட்டின பேப்பரப் பாத்துத்தான் இது எந்த வேரியன்ட்டுன்னு எங்களுக்கே தெரியும். நானா ஒண்ண மாத்திப் பாக்கணும்ல?” என்றான்.

இந்த பதிலுக்குப் பின்னால் ஒரு விவாதம் இருக்கிறது. ரோலான் பார்த் 1957-இல் வெளியான தன் ‘மித்தாலஜிஸ்’ நூலில் பிரெஞ்சுப் பொம்மைகளைப் பற்றி எழுதினார். பெரியவர்களின் உலகத்தை, ராணுவம் உட்பட, அப்படியே சுருக்கித் தருகிற பொம்மைகள் குழந்தையைப் படைப்பவனாக ஆக்குவதில்லை, பயன்படுத்துபவனாக மட்டுமே ஆக்குகின்றன என்பது அவர் வாதம். கிட்டைக் குறிப்பேட்டின்படி ஒட்டுகிறவனுக்கு இது பொருந்தும். அதை அறுக்கிறவனுக்கு? அவன் கொடுக்கப்பட்ட பிரதியைத் திருத்தி எழுதுகிறான். அசெம்பிளி லைனில் மறுக்கப்பட்ட ஒன்றை, இரவு பதினொரு மணிக்கு, பாயில் உட்கார்ந்து மீட்டுக்கொள்கிறான். இதை மத்தியதரவர்க்கப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை.

வேலையையே கொஞ்சம் பார்ப்போம். மிராஜ் கிபிராக வேண்டுமானால் பின்னுடலை வெட்டிக் குறைக்கணும், குறைத்ததை அகலப்படுத்தணும். பக்கவாட்டில் காற்று உள்ளே போகிற வாய்களைப் பெரிதாக்கணும். செங்குத்து வாலின் அடியில் ஒரு காற்றுக்குழல் வைக்கணும். காற்று வாய்களுக்கு மேலே இரண்டு சிறு இறக்கைகள். பெரிய இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பல். மூக்கின் இரு பக்கமும் மெல்லிய தகடு. இவற்றில் எதுவும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு காரணம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு அரசியல்.

1967 போரை ஒட்டி இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்பதை த கோல் தடைசெய்தார். இஸ்ரேல் பணம் கட்டியிருந்த ஐம்பது மிராஜ் 5 விமானங்கள் பிரான்சிலேயே நின்றுபோயின. மிராஜ் எஞ்சினின் வரைபடங்களை ஆல்ஃபிரட் ஃப்ரவன்க்னெக்ட் என்ற சுவிஸ் பொறியாளர் ரகசியமாகக் கொடுத்தார், 1971-இல் தண்டிக்கப்பட்டார். பிறகு பிரெஞ்சு எஞ்சினையே விட்டுவிட்டு அமெரிக்க ஜே79 எஞ்சினைப் பிரெஞ்சு உடலில் பொருத்தினார்கள். அது குட்டை, தடிமன், சூடும் அதிகம். அதனால்தான் உடல் குட்டையாயிற்று, வாய் பெரிதாயிற்று, குளிரவைக்க வாலடியில் குழல் வந்தது. 1975-இல் உலகுக்குக் காட்டினார்கள். எஞ்சின் அமெரிக்கனுடையது என்பதால் யாருக்கு விற்கலாம் என்பதிலும் அமெரிக்காவின் சொல் இருந்தது: 1977-இல் ஈக்வடாருக்கு விற்பதை கார்ட்டர் அரசு தடுத்தது. 1996-இல் இலங்கைக்கு வந்தபோது அப்படி ஒரு தடை வரவில்லை.

ஆக, கிபிர் என்பதே ஒரு ‘கன்வர்ஷன்’. அதற்கு மூலப்பிரதி கிடையாது. பிரெஞ்சு வடிவம், அமெரிக்க எஞ்சின், இஸ்ரேலியக் கை, இலங்கைக் கொடி. இதைத் தத்துவ நூலிலிருந்து நான் அறியவில்லை. தம்பி அறுத்துக்காட்டிய பின்னுடலிலிருந்துதான் அறிந்தேன். பெயின்ட் அடிக்கும் முன் அந்த மாதிரி சாம்பல் நிற பிளாஸ்டிக்கும் வெள்ளைத் தகடும் பச்சைப் பட்டியுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. எங்கிருந்து எது வந்தது என்பது பச்சையாகத் தெரிந்தது. கட்டுடைப்பு, கட்டுடைப்பு என்று எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். அதன் பருப்பொருள் வடிவம் அதுதான்.

ஆனால் இந்தக் கைவேலையின் அழகியல் அந்த இடத்தில் நிற்பதில்லை. ஒட்டு தெரியக்கூடாது என்பதே அதன் முதல் விதி. “எங்க ஒட்டினோம்னு தெரிஞ்சா வேலை தெரியாதவன்னு அர்த்தம்ணா. பெயின்ட் அடிக்காம விட்டா அது முடியாத வேலை” என்றான் தம்பி. தொழிலாளியின் பெருமிதம் அது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விமானத்தைத் தயாரித்த, விற்ற, வாங்கிய அரசுகளின் அழகியலும் இதேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டை மறைப்பது. ஒரே வண்ணம் பூசி ஒரே பொருளாக, யாருக்கும் தனிப் பொறுப்பில்லாத பொருளாக நிறுத்துவது.

அடுத்தது அளவு. லெவி-ஸ்ட்ராஸ் 1962-இல் சிறு மாதிரிகளைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைக்கலாம். பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாக அறிகிறோம். சிறிதாக்கப்பட்டதில் முழுமை முதலில் கைக்கு வருகிறது, அதனால் அச்சம் போகிறது என்பது அவர் கருத்து. பதினைந்தரை மீட்டர் நீளக் கிபிர் 1/72-இல் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்து, மேலிருந்து பார்க்கலாம். கீழே இருந்தவர்கள் யாரும் அதை மேலிருந்து பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்தது சத்தமும் வயிற்றுப்பகுதியும். போதாததற்கு 1/72 என்ற கணக்கே ஆறடியை ஓர் அங்குலமாக்குவதுதான். ஆறடி என்பது தமிழில் மனிதனின் உயரம் மட்டுமில்லை, கடைசியில் அவனுக்குக் கிடைக்கிற நிலமும்கூட. இந்த அளவில் அதுவும் ஓர் அங்குலம்தான். பெட்டிக்குள் சிலசமயம் விமானிக்கு ஒரு சிறு உருவம் இருக்கும். கீழே இருப்பவருக்கு ஒரு உருவம் வைத்த பெட்டியை நான் பார்த்ததில்லை.

இனி பெயர்கள். கேட்டலாக்கில் சி.2, டி.சி.2, சி.7 என்று கிபிர் வகைகள். மூக்கில் என்ன, இருக்கை எத்தனை என்பதை வைத்துப் பிரித்தது. வன்னியிலும் ஒரு வகைப்பாடு இருந்தது: பொம்மர், சகடை, ஹெலி, கிபிர், வண்டு. ஆளில்லா வேவு விமானத்தின் ரீங்காரம் ‘வண்டு’ ஆயிற்று. கனத்து மெதுவாக வருவது ‘சகடை’. ‘கிபிர்’ ஒரு தனி விமானத்தின் பெயராக நிற்கவில்லை. வேகமாக வந்து குண்டு போட்டுவிட்டுப் போகிற எதுவும் கிபிர். சிறப்புப்பெயர் பொதுப்பெயராயிற்று. மாடல் செய்கிறவர் இதைக் கேட்டால், “அது கிபிர் இல்லை, மிக்-27” என்று திருத்துவார். தகவல் அளவில் அவர் சரியாகவும் இருக்கலாம். 2000-இல் மிக்-27களும் இலங்கைக்கு வந்தன. ஆனால் பதுங்குகுழிக்குள் ஓட எத்தனை நொடி இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்த வகைப்பாடு, மூக்கின் நீளத்தை வைத்துப் பிரித்த வகைப்பாட்டைவிட எந்த விதத்தில் துல்லியம் குறைந்தது? எபிரேயத்தில் ‘கிபிர்’ என்றால் இளஞ்சிங்கம். சிங்கக்கொடி பறக்கிற நாட்டில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் ஈழத்தமிழ் அந்தச் சொல்லிலிருந்து சிங்கத்தை உருவிப் போட்டுவிட்டு, அதை வெறும் சாவின் பெயராக்கிவிட்டது. இதுவும் ஒரு கன்வர்ஷன்தான். மக்கள் செய்தது.

நான் படித்த துறையில் வேரியன்ட்டுக்குப் பாடபேதம் என்று பெயர். பல ஏடுகளை ஒப்பிட்டு, ஒரு பாடத்தை மேலே வைத்து மற்றவற்றை அடிக்குறிப்பில் இறக்குவது பதிப்பாசிரியர் வேலை. மேலே எது, கீழே எது என்பதில் அதிகாரம் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் விமானப்படை குண்டு வீசியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பள்ளி மாணவிகள், இறந்தார்கள். ‘பயிற்சி முகாம்’ என்பது அரசின் பாடம். ‘மாணவிகள்’ என்பது யுனிசெஃப் சொன்ன பாடம். உலகம் இரண்டையும் அருகருகே அச்சிட்டுவிட்டு ‘மாறுபட்ட தகவல்கள்’ என்று முடித்துக்கொண்டது. இது நடுநிலை இல்லை. ஒட்டின் மேல் பூசிய பட்டி.

நம் எழுத்துக்கு வருவோம். 2009-க்குப் பிறகு தமிழ்நாட்டில் எழுதப்பட்ட போர்க் கவிதைகளில் ‘கிபிர்’ அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் மாடலின்மேல் ஒட்டுகிற வண்ண அட்டைபோலத்தான் வருகிறது: விமானம் அசலாகத் தெரிவதற்கு. ஆயுதத்தின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் போர் எழுத்தில் வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. பா. அகிலன் 2000-இல் வந்த தன் தொகுப்புக்கு வைத்த பெயர் ‘பதுங்குகுழி நாட்கள்’. அந்தத் தலைப்பில் விமானமே இல்லை. பார்வை எங்கிருந்து என்பது மட்டும் இருக்கிறது. மேலிருந்து பார்க்கிற துல்லியத்துக்கும் கீழிருந்து பார்க்கிற துல்லியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதெல்லாம் மண்ணூருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் 1991 மே 21-க்காக நினைக்கப்படுகிற ஊர்; நினைவிடம் இருக்கிறது. அந்த நாள் நினைக்கப்பட வேண்டியதுதான். அந்த நாளின் பெயரால் ஈழத்தைப் பற்றிய பேச்சே இங்கே பல வருஷம் வாயடைக்கப்பட்டதும் நினைக்கப்பட வேண்டியதுதான். இப்போது அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், வல்லம் வடகாலில், டிட்கோவின் வான்வெளிப் பூங்கா. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சென்னையும் ஒன்று. கார் பாகம் செய்கிற கை நாளை விமான பாகம் செய்யும். வேலை வரட்டும், வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஆனால் பாகத்தைச் செய்கிறவனுக்கு வரைபட எண் தெரியும், அது போய் உட்காரப்போகிற உடல் தெரியாது. எந்த வேரியன்ட், யாருக்கு விற்பனை, யார் தலைக்கு மேல் என்பதெல்லாம் அவன் கேட்கக்கூடாத கேள்விகள். பெயர் தெரியாத ஒரு கிட்டை அவன் ஒட்டிக்கொண்டிருப்பான்.

இலங்கையின் பழைய கிபிர்களில் ஐந்தை மேம்படுத்த 2021-இல் இஸ்ரேலிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் ஐந்து கோடி டாலருக்கு. கன்வர்ஷன் முடியவில்லை. உலகம் முழுக்க இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது: அறுப்பது, பொருத்துவது, பட்டி போடுவது, புதுப் பெயர் வைப்பது.

எழுதுகிறவர்களிடமும் தொழிற்சங்கத் தோழர்களிடமும் ஒன்றுதான் கேட்கிறேன். விமானத்தின் பெயரைச் சரியாகச் சொல்வது முக்கியம்தான். கூடவே அந்த விமானத்தின் ஒட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பாகம் எந்த நாட்டிலிருந்து, எந்தக் கையெழுத்தோடு வந்தது என்பதையும் சொல்லுங்கள். பட்டி பூச ஏற்கெனவே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நம் வேலை உப்புத்தாளைக் கையில் எடுத்து, ஒட்டு தெரிகிறவரை தேய்ப்பது.