சுழிக்கு உரிய இடம்

மறைபரப்பு ஞாயிறன்று நம் மறையுரைகளில் இரு பெயர்கள் இணைந்தே வரும். ஒருவர், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த புனித சவேரியார். மற்றவர், தம் 15ஆம் வயதில் பிரான்சு நாட்டின் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் நுழைந்து, 1897இல் தம் 24ஆம் வயதில் இறக்கும்வரை அதன் மதிலைத் தாண்டாத குழந்தை இயேசுவின் தெரேசாள். 1927 டிசம்பரில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர், தெரேசாளைச் சவேரியாருக்கு நிகராக மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலி என அறிவித்தார். கப்பலேறாத ஒரு பெண் மறைபரப்புப் பணிக்கு அப்படி என்ன செய்துவிட்டார் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டால், 'செபித்தார்' என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். விடை சரியே, ஆனால் அது போதாது. எப்படிச் செபித்தார், யாருக்காகச் செபித்தார், அதனால் விளைந்தது என்ன என்பவற்றை அறிய, அவர் இரு மறைபரப்பாளர்க்கு எழுதிய கடிதங்களை முழுமையாகப் படித்தாக வேண்டும்.

1895 அக்டோபரில் மடத்துத் தலைவியாயிருந்த அன்னை ஆக்னஸ், தெரேசாளின் உடன்பிறந்த அக்காள், அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். மோரிஸ் பெல்லியேர் என்னும் குருமாணவர், தமக்காகச் செபிக்க ஓர் அருள்சகோதரி வேண்டுமென மடத்திற்கு எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு புதிய தலைவி, அதோல்ப் ரூலான் என்னும் இளங்குருவையும் தெரேசாளிடமே ஒப்படைத்தார். ரூலான், பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். நம் புதுச்சேரி மறைத்தளத்தில் 1776 முதல் உழைத்த அதே சபை. தம்மிடம் இருப்பதையெல்லாம் ஏற்கெனவே ஒருவருக்காக ஒப்புக்கொடுத்தாயிற்றே என்று தெரேசாள் தயங்கினார். கீழ்ப்படிதல் அதனை இருமடங்காக்கும் என்றார் தலைவி. இருவருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் இருபதுக்கும் குறைவே.

இக்கடிதங்களைப் படிக்கையில், செபம் என்ற சொல்லுக்கு உடலும் உழைப்பும் உண்டு என்பது விளங்குகிறது. ரூலான் செல்லவிருந்த சீனாவின் சிச்சுவான் மாநில வரைபடத்தைத் தாம் வேலை செய்யும் அறையின் சுவரில் தெரேசாள் மாட்டி வைத்திருந்தார். அங்கே அவர் செய்த வேலை, மடத்துத் துணிகளைத் தைத்துச் செப்பனிடுவது. ரூலானின் வாழ்வில் முக்கியமான நாள்களைத் தமக்கு எழுதுமாறு அவர் கேட்டிருந்தார். தம் இறையழைத்தல் தடுமாறி, மீண்டும் உறுதிப்பட்ட நாளென்று 1890 செப்டம்பர் 8ஐ ரூலான் குறித்தனுப்பினார். தெரேசாள் துறவற வார்த்தைப்பாடு கொடுத்ததும் அதே நாளில்தான். காசநோய் முற்றிய நாள்களில், தோட்டத்தில் சிறிது நேரம் நடக்குமாறு மடத்தில் நோயாளரைக் கவனித்த சகோதரி கூறினார். தளர்ந்த நடையைக் கண்டு இரங்கிய மற்றொரு சகோதரியிடம், எங்கோ களைத்து நிற்கும் ஒரு மறைபரப்பாளருக்காகத் தாம் நடப்பதாகத் தெரேசாள் சொன்னார்.

ரூலானுக்கு எழுதிய கடிதங்களில் இரு உவமைகள் புகழ்பெற்றவை. ஒன்று மோசே உவமை. யோசுவா சமவெளியில் போரிட, மோசே மலைமேல் கைகளை உயர்த்தி நின்றதுபோல் தாம் நிற்பதாகத் தெரேசாள் எழுதினார். மற்றொன்று 1897 மே மாதத்துக் கடிதத்தில் வரும் சுழி உவமை. சுழிக்குத் தனியே மதிப்பில்லை. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நின்றால் ஆற்றல் பெறும். ஆனால் அது முன்னே அன்று, பின்னே நிற்க வேண்டும். ஒன்றைப் பத்தாக்கும் அந்த இடத்திலேயே இறைவன் தம்மை வைத்திருப்பதாக அவர் எழுதினார்.

இவ்வுவமையைக் குருக்களாகிய நாம் பெரிதும் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் 'ஒன்று' நாம்தான். கோவிற்பிள்ளையும், மறைக்கல்வி ஆசிரியையும், உண்டியலில் நாணயம் இடும் கைம்பெண்ணும் சுழிகள். சுழி தானே தன்னைச் சுழி என்று சொல்லிக்கொள்வது தாழ்ச்சி. ஒன்று சுழியைப் பார்த்து அப்படிச் சொல்வது அதிகாரம். தெரேசாளின் கடிதத்தை நாம் பீடத்தில் நின்று எடுத்துரைக்கும்போது, முன்னது பின்னதாக மாறிவிடுவதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? மோசே உவமையை உடன் வைத்துப் படித்தால்தான் இந்த ஆபத்து நீங்கும். மலைமேல் நின்றவரின் கை தாழ்ந்தால், சமவெளியில் நிற்பவர் தோற்றுப்போவார். இரு உவமைகளும் ஒன்றையொன்று திருத்துகின்றன.

கடிதங்களில் குறைகள் இல்லாமலில்லை. அக்காலப் பிரெஞ்சு பக்தி நடையின் மிகையான குழைவும், போர்க்களச் சொற்களும் நம் காதுக்குச் சற்று அயலாக ஒலிக்கின்றன. சீன மக்களின் பண்பாட்டையும் சமயத்தையும் மதித்து நோக்கும் பார்வையை, 2ஆம் வத்திக்கான் சங்கத்தின் வழிவந்த நாம் தேடுகிறோம்; அது அக்கடிதங்களில் இல்லை. இவற்றை மூடி மறைக்க வேண்டியதில்லை. புனிதர்களும் தம் காலத்து மொழியில்தான் எழுதினார்கள்.

ஆனால் பெல்லியேருக்கு எழுதிய கடிதங்களில் அந்நடை வேறாகிவிடுகிறது. பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தவர் அவர். மனம் எளிதில் சோர்பவர். தம் பழைய குற்றங்களை எண்ணி எண்ணி அஞ்சியவர். அவரை வீரராக்க தெரேசாள் முயலவில்லை. 1897 ஜூலையில் நோயாளர் அறையிலிருந்து அவர் எழுதிய கடிதமொன்றில் ஒரு சிறு கதை வருகிறது. தவறு செய்த பிள்ளைகள் இருவர். ஒருவன் தந்தைக்கு அஞ்சி ஓடுகிறான். மற்றவன் ஓடிவந்து தந்தையின் கைகளில் விழுந்து, முத்தம் ஒன்றையே தண்டனையாகக் கேட்கிறான். அவன் மீண்டும் தவறுவான் என்று தந்தை அறிவார், அறிந்தும் அணைத்துக்கொள்கிறார். இங்கே சுழி பின்னே நிற்கவில்லை. முன்னே நடந்து வழிகாட்டுகிறது. நம் மதிப்பீட்டில் இருவகைக் கடிதங்களுள் இவையே உயர்ந்தவை.

பின்பு நடந்தது என்ன? பெல்லியேர் 1897 செப்டம்பர் 29 அன்று அல்ஜியர்சுக்குக் கப்பலேறினார். மறுநாள் மாலை தெரேசாள் இறந்தார். வெள்ளை அங்கித் தந்தையர் சபையில் குருவாகி, இன்று மலாவி எனப்படும் நியாசாலாந்தில் பெல்லியேர் சில ஆண்டுகள் பணியாற்றினார். உடலும் மனமும் நலிந்து நாடு திரும்பினார். சபையை விட்டு விலகினார். 1907இல், 33ஆம் வயதில், கான் நகரத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். தெரேசாளின் தந்தையும் 1889 முதல் மூன்று ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்.

நாம் படித்த பக்தி நூல்கள் பலவற்றில் சுழி உவமை உண்டு. பெல்லியேரின் முடிவு இல்லை. ஒன்று பத்தாகும் என்ற கணக்கு அங்கே பொய்த்துவிட்டதாக அந்த நூலாசிரியர்கள் அஞ்சினார்கள் போலும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அக்கடிதங்களில் தெரேசாள் பெல்லியேருக்கு வெற்றியை வாக்களிக்கவில்லை. விழுந்தவனும் தந்தையின் கைகளுக்குத் திரும்பலாம் என்பதையே மீண்டும் மீண்டும் எழுதினார். நியாசாலாந்தில் அவருக்குத் தேவைப்பட்டதைவிட, கான் நகரத்தின் அந்த அறையில்தான் அச்சொல் அவருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டிருக்கும். அது அங்கே அவர் நினைவுக்கு வந்ததா என்பதை இறைவன் அறிவார். துணைநிற்பவரின் பணி, தாம் தாங்குபவரின் வெற்றியால் அளக்கப்படுவதில்லை. முடிவை மறைத்துவிட்டு உவமையை மட்டும் வைத்துக்கொள்ளும் நூல் இவ்வுண்மையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

நம் பங்குகளில் சில தாய்மாரை நாம் அறிவோம். மகனைக் குருமடத்திற்கு அனுப்பியபோது கோவிலின் முன்வரிசையில் இருந்தவர்கள், அவன் பாதியில் திரும்பியபின் யாரும் சொல்லாமலே கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். அவர்களின் செபமாலை வீணாகிவிட்டது என்று நாம் வாயால் சொன்னதில்லை. விழா மலர்களில் குருக்களின் எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டுச் சொல்லியிருக்கிறோம். வருகிற மறைபரப்பு ஞாயிறன்று, சிறுமலரின் பெயரைச் சொல்லுமுன், அத்தாய்மாரின் இல்லத்திற்கு ஒருமுறை சென்று வருவோம். பெல்லியேரின் கதையையும் அவர்களுக்கு முழுமையாகச் சொல்லுவோம்.