உத்தரமேரூர்ச் சாசனமும் கிராமசபையும்: ஓர் ஒப்பீட்டின் மறுவாசிப்பு

கிராமசபை குறித்துத் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பலவும் உத்தரமேரூரிலிருந்தே தொடங்குகின்றன. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த (கி.பி. 919, 921) குடவோலைச் சாசனங்கள் இன்றைய மக்களாட்சியின் முன்வடிவாகக் காட்டப்படுகின்றன. 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதும் இவ்வூர் நினைவுகூரப்பட்டது. யார் பங்கேற்கலாம் என்பது ஒரு வினா. நடப்பது பங்கேற்பவர்க்கு விளங்குகிறதா என்பது மற்றொரு வினா. மேற்கண்ட ஒப்பீடு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கிறது.

முதல் வினாவுக்குச் சாசனம் தரும் விடை குறுகியது. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக்கல்வியும் உடையவராதல் வேண்டும். நிலம் குறைந்தவர்க்குக் காட்டப்பட்ட சலுகையும் கூடுதல் வேதக்கல்வியின் பெயராலேயே வழங்கப்பட்டது. அந்நிலத்தை உழுதவர்க்கோ பெண்களுக்கோ இதில் இடமில்லை. இதனை மக்களாட்சி என்பது மிகைக்கூற்று.

இரண்டாம் வினாவில் நிலைமை வேறு. 30 குடும்புகளுக்கும் தனித்தனியே பெயரெழுதிய ஓலைகள் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படுகின்றன. சபையினர் இளையோரும் முதியோருமாகக் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் அனைவரும் காணுமாறு குடத்தை உயர்த்திக் காட்டுகிறார். விவரமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்கிறான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏந்துதல் வேண்டும். பின் உரக்க வாசித்தல் வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் அதனையே வாசித்தல் வேண்டும். விரல்களை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாம் என்னும் ஐயத்தை விதியாக்கிய நுட்பம் இது. இவ்வெளிப்படைத்தன்மையும் சபையினருக்கே உரியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கண்ணுக்கும் செவிக்கும் எட்டும்படி ஒரு நடைமுறையை அமைக்கும் அக்கறை அதில் உண்டு.

73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் முதல் வினாவைத் தீர்த்துவிட்டன: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர். சாதி, நிலம், கல்வி எதுவும் தடையன்று. சிக்கல் கூட்டத்தில் பேசப்படும் மொழியில் உள்ளது. 'ஒப்பளிப்பு', 'செலவினம்', 'நிர்வாக அனுமதி', 'ஏகமனதாக' என நீளும் அலுவலகத் தமிழில் வரவுசெலவு வாசிக்கப்படும்போது, தெருவிளக்குக்கு எவ்வளவு செலவாயிற்று என்று அறிய வந்த கூலித்தொழிலாளி கேட்கிறார். ஆனால் கேள்வி எழுப்ப இயலாது. சொற்கள் தமிழே, பொருள் அவருக்குரியதன்று. தாய்மொழியில் நடப்பதாலேயே ஆட்சி மக்களுக்கு எட்டிவிட்டது என்னும் எண்ணத்தை ஆட்சிமொழி பற்றிய ஆய்வுகள் போதிய அளவு ஐயுறவில்லை. எழுதப்பட்ட தீர்மானத்தின்கீழ் ஒப்பமிடுவது அதனைப் புரிந்துகொண்டதற்குச் சான்றாகாது.

ஒப்பீடு செய்வோர் குடத்துக்கு அளிக்கும் இடத்தில் சிறுபகுதியையேனும் சாசனத்தின் மற்றொரு விதிக்கு அளித்திருக்கலாம். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன் உள்ளிட்ட உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது அது. இன்றைய சட்ட நோக்கில் உறவினரைத் தண்டிப்பது ஏற்கத்தக்கதன்று. ஆனால் கணக்குக் காட்டுதலைப் பதவிக்கான தகுதியாகவே வைத்த அவ்விதிதான் கிராமசபையோடு உண்மையில் ஒப்பிடத்தக்க பகுதி.