வூர்ஸ்பர்க்கின் தட்டைக் குப்பி

ஜெர்மனியின் மைன் நதிக்கரையில், திராட்சைக் கொடிகள் படர்ந்த குன்றுகளிடையே விளங்கும் வூர்ஸ்பர்க் நகரத்துக்குச் செல்வோர், பால்தசார் நாய்மன் நிர்மாணித்த அரண்மனையிலே, தியெபோலோ 1753-இல் தீட்டி முடித்ததும், 1945 மார்ச் 16 அன்று நகரமே குண்டுமழையில் சாம்பலானபோது தப்பிப் பிழைத்ததுமான விதானச் சித்திரத்தை அண்ணாந்து நோக்கிப் பிரமிப்பது சகஜம். எனக்கோ, அந்நகரத்து ஒயின் அடைத்து வரும் ‘பாக்ஸ்பாய்ட்டல்’ குப்பியின்மேல்தான் அதிகப் பிரியம். கழுத்து குட்டை, வயிறு வட்டம், முன்னும் பின்னும் தட்டை. கீழே சாய்ந்தாலும் உருண்டோடாது. கலப்படக்காரர்களின் உபத்திரவம் பொறாமல், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரசபையார், ஷ்டைன் குன்றின் உயர்ந்த மதுவை இக்குப்பியில் அடைத்து முத்திரையிடும்படி உத்தரவிட்டார்கள். உள்ளே இருப்பது பல சமயம் தித்திப்பில்லாத சில்வானர் வெள்ளை ஒயின். மதுவைத் தீண்டாத விரதமுடையோரும் குப்பியை ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்கலாம், பாதகமில்லை.